பஸில் ரேட்டிங் ஏறுகிறது, ஆட்டம் ஏறவில்லை: டாக்டிக்ஸ் பயிற்சியில் எங்கே பிசகுகிறது?

#1 கரிசல்குதிரை

லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் பஸில் (ஒரு நிலையைக் காட்டிச் சரியான நகர்வைக் கேட்கும் புதிர்) ரேட்டிங் 1900, 2000 என்று நிற்கும். அதே ஆட்டக்காரர் 15+10 ரேபிட் (15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல்) ஆட்டத்தில் 1400-ஐத் தாண்டமாட்டார். இரண்டும் வேறு வேறு அளவுகோல், நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது என்பது தெரியும். சில நூறு புள்ளி வித்தியாசம் இயல்புதான். ஆனால் பஸில் ரேட்டிங் ஆறு மாதத்தில் 300 ஏறி, ஆட்டம் அங்கேயே நின்றால் பயிற்சியில்தான் ஏதோ கோளாறு.

இங்கே பயிற்சி கொடுப்பவர்கள் பலர் இருப்பதால் குறிப்பாகவே கேட்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பஸில்? தலைப்பு வாரியாகப் போடுவதா, கலந்து போடுவதா? புதிதாகப் போட்டுக்கொண்டே போவதா, பழையதையே திரும்பப் போடுவதா? ஸ்டார்ம், ரஷ் மாதிரி வேகப் பஸில்களால் பயன் உண்டா? "தினமும் போடுங்கள், தானாக வரும்" என்பதைத் தவிர்த்து விளக்கமாக எழுதுங்கள்.

#2 எட்டாம்வரிசை

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்ப்போம். லிசெஸ்ஸில் ஒவ்வொரு பஸிலுக்கும் ஒரு ரேட்டிங் உண்டு. நீங்கள் விடுவித்தால் அந்தப் பஸிலை ஆட்டத்தில் ஜெயித்ததாகவும், தவறினால் தோற்றதாகவும் கிளிக்கோ-2 என்ற ரேட்டிங் முறையில் கணக்காகும். எவ்வளவு நேரம் எடுத்தீர்கள் என்பது அதில் சேராது. எப்படி விடைக்கு வந்தீர்கள் என்பதும் சேராது. "செக் கொடுத்துப் பார்ப்போம், பச்சை வந்தால் சரி" என்று போனாலும் எண் ஏறும்.

அடுத்து, பஸில் நான்கு விஷயங்களை இலவசமாகச் சொல்லிவிடுகிறது. இந்த நிலையில் ஏதோ இருக்கிறது. நகர்த்த வேண்டியது நீங்கள். ஒரே ஒரு நகர்வுதான் சரி. எதிராளி இப்போதுதான் தப்பு செய்திருக்கிறார் (லிசெஸ்ஸில் அவருடைய கடைசி நகர்வைப் பலகையிலேயே ஆடிக் காட்டுவார்கள்). ஆட்டத்தில் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடைக்காது. 40 நகர்வில் எந்த இரண்டு மூன்று இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று காதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இதைத்தான் பெரிய ஓட்டை என்பேன். நீங்கள் முதல் நகர்வை வைத்ததும் எதிராளிக்காகப் பதில் நகர்வு ஒன்றுதான் பலகையில் வரும். மற்ற பதில்களை உங்களிடம் யாரும் கேட்பதில்லை. ராணியைப் பலி கொடுத்த பிறகு ராஜா இரண்டு பக்கம் ஓடலாம் என்றால், இணையம் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி "சரி" என்று முடித்துவிடும். மறு பக்கத்தை நீங்கள் கணக்கிட்டிருக்கவே மாட்டீர்கள்.

ஆகவே விதி இது. கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: முழு வரிசை, எதிராளியின் மிகச் சிறந்த இரண்டு பதில்களுக்கும் உங்கள் மறுபதில், கடைசி நிலையில் யாருக்கு எவ்வளவு காய் மிச்சம். எழுதிய பிறகுதான் பலகையில் நகர்வு. முதல் நகர்வு சரியாக இருந்து, எதிராளி ஆடிய பதில் உங்கள் தாளில் இல்லை என்றால் அது தோல்வி. இணையம் பச்சைக் குறி போட்டாலும் உங்கள் நோட்டில் அது தோல்வியாகவே போகட்டும்.

#3 பாய்ச்சல்64

எட்டாம்வரிசை சார், ஒவ்வொரு பஸிலுக்கும் தாள்ல எழுதினா ஒரு மணி நேரத்துல ஆறு ஏழுதான் முடியும். டாக்டிக்ஸ்ங்கறது முக்கால்வாசி கண் பழக்கம். டச்சு உளவியலாளர் டி குரூட் 1946-லயே ஆம்ஸ்டர்டாம்ல பண்ண ஆய்வும், அப்புறம் 1973-ல சேஸும் சைமனும் பண்ண சோதனையும் சொல்றது இதுதான். உண்மையான ஆட்டத்துல வந்த ஒரு நிலையை 5 விநாடி காட்டிட்டு மறைச்சா, மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிடறார், புதுசா ஆடறவர் நாலஞ்சு காயோட நின்னுடறார். அதே காய்களைத் தாறுமாறா அடுக்கிக் காட்டினா அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமப் போயிடுது. அதாவது மாஸ்டர் தலையில இருக்கறது பெரிய நினைவாற்றல் இல்ல, கூட்டம் கூட்டமாச் சேர்த்து வச்ச காய் அமைப்புகள். அது வர்றதுக்கு எண்ணிக்கைதான் வேணும். ஈஸியானது ஆயிரக்கணக்குல போடணும், வேகமாப் போடணும்.

#4 எட்டாம்வரிசை

அமைப்பு கண்ணில் படுவது அவசியம், அதை மறுக்கவில்லை. கண்ணில் பட்டதும் கை ஓடுவதுதான் ஆபத்து. ஒரே உதாரணத்தை மூன்று விதமாகத் தருகிறேன், பலகையில் வைத்துப் பாருங்கள்.

முதல் வடிவம் (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்). 1. ஈ4 ஈ5 2. குதிரை எஃப்3, டி6 3. பிஷப் சி4, பிஷப் ஜி4 4. குதிரை சி3, ஜி6. இப்போது 5. குதிரை ஈ5-ஐ வெட்டுகிறது. கருப்பு பிஷப் வெள்ளை ராணியை வெட்டினால் 6. பிஷப் எஃப்7-இல் வெட்டி செக், ராஜா ஈ7, 7. குதிரை டி5 மேட். இதுதான் லீகால் மேட். கருப்பு அந்த ராணியை விட்டுவிட்டு டி6 சிப்பாயால் குதிரையை வெட்டினால், வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுக்கும். ஒரு சிப்பாய் லாபம்.

இரண்டாம் வடிவம். எல்லாம் அப்படியே, 4-ஆம் நகர்வில் கருப்பு ஜி6-க்குப் பதிலாக குதிரையை சி6-இல் வைத்திருக்கிறது. பார்வைக்கு அதே அமைப்புதான். 5. குதிரை ஈ5-ஐ வெட்டினால்? சி6 குதிரை ஈ5-இல் திருப்பி வெட்டும். அந்த ஒரே வெட்டில் ஜி4 பிஷப்புக்கும் காவல் வந்துவிடுகிறது. வெள்ளைக்கு ஒரு குதிரை போய் ஒரு சிப்பாய்தான் மிச்சம். தோற்ற நிலை.

மூன்றாம் வடிவம். கருப்புக் குதிரை சி6-இல்தான் இருக்கிறது, ஆனால் வெள்ளை முதலில் 5. ஹெச்3 ஆட, கருப்பு பிஷப்பை ஹெச்5-க்குப் பின்வாங்கியது. இப்போது 6. குதிரை ஈ5-ஐ வெட்டுவது மறுபடி சரியாகிவிடுகிறது! ஏனென்றால் ஈ5-க்கு வரும் குதிரை ஜி4-ஐக் காக்கும், ஹெச்5-ஐக் காக்காது. 6... குதிரை வெட்டு ஈ5 7. ராணி வெட்டு ஹெச்5, குதிரை வெட்டு சி4 8. ராணி பி5 செக், பிறகு சி4 குதிரையை எடுக்கிறது. கணக்குப் போட்டால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல்.

ஒரு காய் இடம் மாறியதில் வெற்றி, தோல்வி, மறுபடி வெற்றி. வேகமாக ஆயிரம் போட்ட கண் மூன்றையும் ஒன்றாகத்தான் பார்க்கும்.

#5 நிதானபிஷப்

இருவரும் சொல்வது இரண்டு வேறு வேலைகள். ஒரே அமர்வில் கலப்பதால்தான் சண்டை. பிரித்துவிட்டால் சரியாகிவிடும். 1200-லிருந்து 1700 வரை உள்ளவர்களுக்கு நான் சொல்லும் அளவு:

காலையில் வேகம். 12 நிமிடம், 20-லிருந்து 25 பஸில். லிசெஸ்ஸில் கடின அளவை "எளிது" என்று வைத்தால் உங்கள் பஸில் ரேட்டிங்கைவிட 300 குறைவாக வரும், "மிக எளிது" என்றால் 600 குறைவு. இதில் பத்துக்கு ஒன்பது சரியாக வர வேண்டும். எட்டுக்கும் கீழே போனால் இன்னும் எளிதாக்குங்கள். இங்கே நோக்கம் அமைப்பை உடனே அடையாளம் காண்பது. இந்த இடத்தில் திணறினால் அது வேறு பயிற்சியாகிவிடும்.

மாலையில் நிதானம். 40 நிமிடம், நான்கிலிருந்து ஆறு பஸில், உங்கள் பஸில் ரேட்டிங்கை ஒட்டி அல்லது 150 கூடுதலாக. எட்டாம்வரிசை சொன்னதுபோல் தாளில் எழுதி. ஒன்றுக்கு 10 நிமிடம் உச்ச வரம்பு. 10 நிமிடத்தில் வராவிட்டால், அதுவரை எழுதியதில் சிறந்ததை ஆடுங்கள். விடையைப் பார்க்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். ஆட்டத்தில் கடிகாரம் ஓடும்போது அப்படியொரு பொத்தான் இல்லை. இதில் பாதியாவது சரியாக வந்தால் போதும். எல்லாமே சரியாக வந்தால் பஸில் உங்களுக்கு எளிது என்று பொருள்.

வாரத்தில் ஐந்து நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து நூறு பஸில் போடுவதைவிட ஐந்து நாள் 50 நிமிடம் பல மடங்கு மேல். கடைசி ஐம்பது பஸிலில் யாரும் கணக்கிடுவதில்லை, ஊகிக்கத்தான் செய்கிறார்கள்.

ஸ்டார்ம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று நிமிடத்தில் தொடங்கும், தொடர்ந்து சரியாக ஆடினால் கூடுதல் நேரம் கிடைக்கும், ஒரு தவறுக்கு 10 விநாடி போகும். 10 விநாடி என்பது மிகச் சிறிய அபராதம், அதனால் ஊகித்து ஆடுவதே லாபமாகிவிடுகிறது. செஸ்.காம் ரஷ்ஷில் மூன்று தவறோடு ஆட்டம் முடிந்துவிடும், கொஞ்சம் பரவாயில்லை. நேர வரம்பே இல்லாத சர்வைவல் வகையும், லிசெஸ்ஸில் ஒரே தவறில் முடிந்துபோகும் ஸ்ட்ரீக் வகையும் எனக்கு ஏற்புடையவை. அங்கே அவசரத்துக்குப் பரிசு இல்லை.

#6 கரிசல்குதிரை

அளவு தெளிவாகிவிட்டது, நன்றி. தலைப்பு வாரியா, கலப்பா?

#7 ஒற்றைச்சிப்பாய்

"ஃபோர்க்" (ஒரே காய் இரண்டு காய்களை ஒரே நேரத்தில் தாக்குவது) என்று தலைப்புப் போட்ட பஸிலில் ஃபோர்க்கைத் தேடுவது கண்ணாமூச்சியில் ஒளிந்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. ஆனால் ஒரு அமைப்பை முதன்முறை கற்கும்போது அதுதான் வழி. புதிய தலைப்பில் 40, 50 போட்டுப் பழகிவிட்டுக் கலப்புக்குத் திரும்பிவிடுங்கள். 1000-க்குக் கீழே இருப்பவருக்கு மூன்று தலைப்பு போதும்: காவலில்லாத காய், ஒரு நகர்வு மேட், இரண்டு நகர்வு மேட். காவலில்லாத காய்தான் விழும் என்று இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் ஜான் நன் வலியுறுத்துவார். அந்த மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் அப்படித்தான் முடிகின்றன. அவருக்குப் போய் அனஸ்தேசியா மேட் போன்ற சிறப்பு மேட் அமைப்புகளைச் சொல்லிக்கொடுப்பது வீண்.

1300-க்கு மேலே வந்தால் லிசெஸ்ஸின் பஸில் டாஷ்போர்டைத் திறந்து கடந்த 30 நாளைப் பாருங்கள். எந்தத் தலைப்பில் உங்கள் செயல்பாடு கீழே கிடக்கிறது என்று அங்கேயே தெரியும், தவறவிட்ட பஸில்களைத் திரும்பப் போடவும் முடியும். பெரும்பாலானோருக்குக் கீழே கிடப்பவை ஒரே கூட்டம்தான்: தற்காப்பு நகர்வு, அமைதியான நகர்வு (செக்கோ வெட்டோ இல்லாதது), இடைச்செருகல் (எதிர்பார்த்த நகர்வுக்கு முன் வேறொன்றை நுழைப்பது), திசைதிருப்பல் (காவல் காயை வேறிடத்துக்கு இழுப்பது). காரணம் எளிது. செக்கும் வெட்டும் சத்தம் போட்டுக் கூப்பிடும், இவை கூப்பிடாது. தற்காப்பு நகர்வு என்ற தலைப்பை யாரும் விரும்பிப் போடுவதில்லை. ஆட்டத்தில் புள்ளி அதிகமாகக் கைவிட்டுப் போவதோ அங்கேதான்.

செக், வெட்டு, மிரட்டல் என்ற மூன்றடுக்குத் தேடலைப் பற்றி ஒரு வார்த்தை. செக் என்றால் எல்லா செக்கும். அபத்தமாகத் தெரிகிற செக்கையும் ஒரு விநாடி பார்க்க வேண்டும். வியன்னா, 1910, ரெட்டி – டார்ட்டகோவர் ஆட்டம். 9-ஆம் நகர்வில் ரெட்டி ராணியைக் கொண்டுபோய் டி8-இல், ராஜா வெட்டும் இடத்தில் வைத்தார். ராஜா வெட்டியதும் டி2 பிஷப் ஜி5-க்குப் போக, பிஷப்பும் பின்னாலிருந்த டி1 யானையும் ஒரே நேரத்தில் செக். இரட்டைச் செக்குக்குக் காய் மறிக்கவோ வெட்டவோ வழியில்லை, ராஜாதான் நகர வேண்டும். சி7 போனால் பிஷப் டி8 மேட், ஈ8 போனால் யானை டி8 மேட். தாளில் இந்த இரண்டு கிளையும் இருந்தால்தான் அந்தப் பஸிலை விடுவித்ததாக அர்த்தம். ஒன்றை மட்டும் எழுதியவர் பாதிதான் பார்த்திருக்கிறார்.

இன்னொன்று, மாஸ்கோ 1966, உலகப் பட்டப் போட்டியின் 10-ஆம் ஆட்டம். பெட்ரோசியன் 30-ஆம் நகர்வில் ராணியை ஹெச்8-இல் வைத்து செக் கொடுத்தார். ஸ்பாஸ்கி உடனே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ராஜா வெட்டினால் குதிரை எஃப்7-இல் வெட்டி செக், அதே குதிரையின் கண் ஜி5-இல் நிற்கும் ராணி மேலும் இருக்கிறது. இதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழி பின்னாலிருந்து வருவது. "எஃப்7-இல் குதிரை வந்தால் ஜி5 ராணி விழும், ஆனால் ராஜா ஹெச்8-இல் இருந்தால்தானே அது செக்? சரி, ராஜாவை ஹெச்8-க்கு எப்படி இழுப்பது?" ஃபோர்க் பஸில்களில் இந்தக் கேள்வியை வாய்விட்டே கேட்டுப் பழகுங்கள்.

#8 பாய்ச்சல்64

இது ஒத்துக்கறேன். அப்ப திரும்பத் திரும்பப் போடற விஷயம்? மரங்கொத்தி முறைன்னு சொல்றாங்களே, ஸ்வீடன் கிராண்ட்மாஸ்டர் ஹான்ஸ் டிக்கானன் பண்ணது. அவர் 2010-ல கிராண்ட்மாஸ்டர் ஆனதுக்கு அதுதான் காரணம்னு சொல்வாங்க. ஒரே பஸில் தொகுப்பை நாலு வாரத்துல ஒரு தடவை, அப்புறம் ரெண்டு வாரம், ஒரு வாரம்னு பாதிப் பாதியாக் குறைச்சு, கடைசியில ஒரே நாள்ல மொத்தத்தையும் முடிக்கிறது. 1400 ஆளுக்கு அது தேவையா?

#9 நிதானபிஷப்

கொள்கை நல்லது. அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் பஸில் என்று தொடங்கியவர்கள் முதல் சுற்றிலேயே நின்றுபோகிறார்கள். 1400-க்கு 250-லிருந்து 300 போதும். அதில் 200 எளிதானவை, மீதி நடுத்தரம். முதல் சுற்று நான்கு வாரம், நாளைக்குப் பத்துப் பஸில், தாளில் எழுதி. பிறகு இரண்டு வாரம், ஒரு வாரம், நான்கு நாள், இரண்டு நாள், ஒரு நாள். சுற்றுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

முறை தோற்பது இரண்டு இடத்தில். முதலாவது, மூன்றாம் சுற்றில் நிலையைப் பார்க்காமலேயே விடை நினைவுக்கு வந்துவிடும். "இந்தப் பக்கத்தில் மேலே இருக்கிறதா, ராணி ஹெச்7" என்று பக்கத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். அதற்கு வைத்தியம்: பஸில்களின் வரிசையைக் கலையுங்கள். மூன்றாம் சுற்றில் பலகையைத் திருப்பி, தோற்கும் பக்கத்திலிருந்து பாருங்கள். விடையோடு காரணத்தையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: "எஃப்8 யானைக்கு இரண்டு வேலை, எட்டாம் வரிசையும் எஃப்7-உம், ஒன்றைப் பிடுங்கினால் மற்றது விழும்." காரணம் சொல்ல வராவிட்டால் அது மனப்பாடம்தான்.

இரண்டாவது, முதல் சுற்றில் சரியாகப் பார்க்காமல் விடையைப் பார்த்து ஓடுவது. பிறகு வரும் ஐந்து சுற்றும் அந்தத் தவறான அரைகுறைக் கணக்கைத்தான் கெட்டியாக்கும். முதல் சுற்றில் கஞ்சத்தனமே கூடாது.

தொகுப்பாகப் போட நேரமில்லாதவர்கள், தவறவிட்ட பஸில்களை மட்டும் சேமித்து, 1 நாள், 3 நாள், 7 நாள், 21 நாள், 60 நாள் இடைவெளியில் திரும்பப் போடுங்கள். ஆங்கி செயலியில் பலகைப் படத்தைப் போட்டு வைத்தால் தேதியை அதுவே பார்த்துக்கொள்ளும். என் பார்வையில் மரங்கொத்தியைவிட வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் தாங்கும்.

#10 மூன்றாம்கண்

தவறவிட்டதைச் சேமிப்பது சரி. ஏன் தவறியது என்பதைச் சேமிப்பவர்கள் மிகக் குறைவு. நோட்டில் பஸில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே எழுத்து போதும்.

கா – முதல் நகர்வு கண்ணிலேயே படவில்லை.
த – நகர்வைக் கண்டேன், எதிராளியின் தற்காப்பை விட்டுவிட்டேன்.
வ – இரண்டு நகர்வும் தெரிந்தது, வரிசை மாறிவிட்டது.
மு – பாதியிலேயே கணக்கை முடித்துவிட்டேன். இன்னும் ஒரு நகர்வு பார்த்திருந்தால் கிடைத்திருக்கும்.
பி – பிம்பக் கோளாறு.

ஐம்பது தவறு சேர்ந்ததும் எண்ணுங்கள். "கா" அதிகமானால் பாய்ச்சல்64 சொன்ன எண்ணிக்கைப் பயிற்சிதான் மருந்து. அவருக்கு மாலை அமர்வைக் குறைத்துக் காலையைக் கூட்டலாம். "த" அதிகமானால் அதே பயிற்சி விஷம். அவர் வேகப் பஸிலை ஒரு மாதம் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பஸிலிலும் எதிராளிக்காக மூன்று பதில் எழுத வேண்டும். "வ" வந்தால், முதல் நகர்வையும் இரண்டாம் நகர்வையும் மாற்றிப்போட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று எழுதுங்கள். "மு" வந்தால் ஒரு விதி: கடைசி நிலையில் செக்கோ வெட்டோ மிச்சம் இருக்கும்வரை கணக்கை நிறுத்தக்கூடாது.

"பி" பற்றிக் கொஞ்சம் விரிவாக. சோவியத் கிராண்ட்மாஸ்டரும் உளவியலாளருமான நிக்கோலாய் குரோகியுஸ் இதைப் பிரித்து எழுதியிருக்கிறார். மனதில் நகர்த்திய காய் பழைய கட்டத்திலேயே நிற்பதாகத் தோன்றுவது ஒரு வகை. மனதில் வெட்டுப்பட்ட பிஷப் இன்னும் மூலைவிட்டத்தைக் காப்பதாக நினைத்து நல்ல நகர்வைக் கைவிடுவோம். இனி வரப்போகும் மிரட்டல் இப்போதே நடந்துவிட்டதுபோலப் பயப்படுவது இன்னொரு வகை.

இதற்கு நேரடிப் பயிற்சி உண்டு. மேலே எட்டாம்வரிசை தந்த மூன்றாம் வடிவத்தையே எடுங்கள். பலகையில் 5... பிஷப் ஹெச்5 வரை அடுக்கி வையுங்கள். காயைத் தொடாமல் ராணி சி4-இல் வெட்டுவது வரை மனதில் போங்கள். ஒவ்வொரு இரண்டு நகர்வுக்கும் ஒருமுறை நின்று, நகர்ந்த காய்கள் எங்கே என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: "என் ராணி ஹெச்5. அவர் குதிரை சி4. என் சி4 பிஷப் போய்விட்டது." கடைசியில் இரண்டு பக்கக் காய்களையும் பலகையைப் பார்க்காமல் எண்ணுங்கள். பிறகு நகர்த்திச் சரிபாருங்கள். நாளைக்கு இரண்டு வரிசை, 5 நிமிடம் போதும். ஆறு அரைநகர்வில் (ஒரு பக்கம் ஆடும் ஒரு நகர்வு ஓர் அரைநகர்வு) தொடங்குங்கள், தடுமாற்றம் இல்லாமல் வந்த பிறகு எட்டாக்குங்கள்.

#11 கரிசல்குதிரை

இதெல்லாம் பஸிலுக்குள் நடப்பது. என் முதல் கேள்விக்கு வருகிறேன். ஆட்டத்தில் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்ல ஆள் இல்லையே, அந்த மணியை யார் அடிப்பது?

#12 எட்டாம்வரிசை

மணி நிலைக்குள்ளேயே இருக்கிறது. கேட்கப் பழக வேண்டும். காவலில்லாத காய் ஒன்று. நகர வழியில்லாத ராஜா. ஒரே கோட்டில் நிற்கும் ராஜாவும் ராணியும், அல்லது ராணியும் காவலில்லாத யானையும். இரண்டு வேலை பார்க்கும் ஒற்றைக் காவலாளி. இவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் தெரிந்தால் அது நின்று யோசிக்க வேண்டிய இடம். அதனால் மாலைப் பஸில் திறந்ததும் முதல் 30 விநாடி நகர்வே தேடக்கூடாது. இந்த அறிகுறிகளை மட்டும் எழுதுங்கள். பஸில் முடிந்த பிறகு எந்த அறிகுறி விடைக்குக் கொண்டுபோனது என்று வட்டமிடுங்கள்.

லிசெஸ் எதிராளியின் நகர்வை முதலில் ஆடிக் காட்டுவது இங்கே ஒரு வரம். "இந்த நகர்வு எதைக் காக்காமல் விட்டது? எந்தக் கோட்டைத் திறந்தது? எந்தக் கட்டத்தை அடைத்தது?" என்ற மூன்று கேள்வி. பஸிலில் பழகினால் ஆட்டத்தில் எதிராளி காயை வைத்த ஒவ்வொரு முறையும் கேட்கலாம், ஐந்து விநாடி ஆகும்.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு காவல் வேண்டும். ரஷ்ய மாஸ்டர் புளூமென்ஃபெல்ட் சொன்ன வழி: முடிவு செய்த நகர்வைத் தாளில் எழுதிவிட்டு, முதன்முறை பார்ப்பவர் போலப் பலகையை ஒருமுறை பார், பிறகு நகர்த்து. இப்போது ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதிப்படி டிராவுக்குக் கோரும் தருணங்களைத் தவிர நகர்வை முன்கூட்டி எழுதக்கூடாது, ஆகவே எழுதும் பகுதியை விட்டுவிடுங்கள். பார்க்கும் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்: நான் இதை ஆடினால் அவருக்கு என்ன செக், என்ன வெட்டு?

அந்த இரண்டாம் கேள்வி எத்தனை உயரத்திலும் தேவை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டப் போட்டியின் 14-ஆம் ஆட்டம். டிங் லிரன் 55-ஆம் நகர்வில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானையை மாற்றிக்கொண்டு, பிஷப்பை டி5-இல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில், அதே கோட்டில். தப்ப வேறு கோடே இல்லை, மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். மாற்றினால் ஒரு சிப்பாய் குறைந்த ராஜா–சிப்பாய் முடிவாட்டம், அது தோல்வி. சில நகர்வில் ஆட்டம் முடிந்தது, சென்னைப் பையன் 18 வயதில் உலகச் சாம்பியன். இதில் பலி இல்லை, மேட் இல்லை. இரண்டு வெறும் மாற்றங்கள்தான். பஸில் பழக்கத்தில் நாம் வெட்டு என்றாலே காய் லாபம் என்று தேடுகிறோம். சம மாற்றமும் வெட்டுதான், அதையும் கடைசிவரை பார்க்க வேண்டும்.

#13 ஒற்றைச்சிப்பாய்

இதற்கு ஏற்ற பஸில் லிசெஸ்ஸிலேயே இருக்கிறது. "சமநிலை" என்ற தலைப்பைப் போடுங்கள். தோற்கும் நிலையிலிருந்து டிராவுக்கோ சமநிலைக்கோ வருவதுதான் அங்கே விடை. ஜெயிக்கும் நகர்வைத் தேடியே பழகியவர்கள் அதில் முதல் வாரம் திண்டாடுவார்கள். அந்தத் திண்டாட்டம் நல்லது.

இன்னொரு வழி, பஸில் அல்லாத நிலைகளையும் கலப்பது. கூட்டாளி ஒருவர் பத்து நிலைகளைத் தேர்ந்தெடுக்கட்டும், அதில் நான்கில் எதுவும் இல்லை. பலி கொடுத்தால் தோற்கும் நிலைகள். ஹெச்7-இல் பிஷப் பலி இதற்கு அருமையான பொருள். வெள்ளைக்கு டி3 பிஷப், எஃப்3 குதிரை, ஹெச்5-க்கு வழியுள்ள ராணி, ஈ5 சிப்பாய் எல்லாம் இருக்கட்டும். ஒன்றில் கருப்பு பிஷப் எஃப்5-க்கு வந்து ஹெச்7-ஐப் பிடிக்க முடிகிற மாதிரி வையுங்கள், இன்னொன்றில் கருப்புக் குதிரை எஃப்8-க்குத் திரும்ப முடிகிற மாதிரி. விடுவிப்பவர் "பலி செல்லும்" அல்லது "செல்லாது, காரணம் இது" என்று எழுத வேண்டும். ராஜா ஜி8, ஜி6, ஹெச்6 மூன்றுக்கும் தனித்தனிப் பதில் இல்லாத தாளுக்கு மதிப்பெண் இல்லை.

#14 மூன்றாம்கண்

பஸிலுக்குச் சிறந்த சுரங்கம் அவரவர் ஆட்டம்தான். 15+10 ஆட்டம் வாரத்துக்கு மூன்று. முடிந்ததும் என்ஜினை (ஆட்டத்தை ஆராயும் கணினி நிரல்) திறக்கும் முன் 10 நிமிடம் நீங்களே பாருங்கள். பிறகு லிசெஸ்ஸில் "தவறுகளிலிருந்து கற்க" என்பதை அழுத்தினால் உங்கள் தவறுகளைப் பஸிலாகவே மாற்றித் தரும். அதில் வருவதையும் கா, த, வ, மு, பி என்று குறியுங்கள். பஸில் நோட்டில் "கா" குறைவாகவும் ஆட்ட நோட்டில் "கா" நிறையவும் இருந்தால், பிரச்சினை கணக்கில் இல்லை, எட்டாம்வரிசை சொன்ன மணி கேட்காததில். அவருக்குப் புதிய பஸிலைக் கூட்டிப் பயனில்லை. அறிகுறி எழுதும் அந்த 30 விநாடிப் பயிற்சிதான்.

3 நிமிட பிளிட்ஸில் இதையெல்லாம் சோதிக்காதீர்கள். புதிய பழக்கம் நிலைபெற நேரம் வேண்டும்.

#15 பாய்ச்சல்64

சரி, காலை வேகம், மாலை நிதானம்ங்கற பிரிப்பை ஏத்துக்கறேன். ஒண்ணு சேர்க்கணும். டோர்னமெண்டுக்குப் போற பசங்க எல்லாரும் போன்லயே போடறாங்க. அங்க பலகை மேலருந்து தட்டையாத் தெரியும், மண்டபத்துல உயரமான காய்களைச் சாய்வாப் பாக்கணும். பின்னால நிக்கற காயை முன்னால நிக்கற காய் பாதி மறைக்கும். வாரத்துல ரெண்டு நாளாவது மாலைப் பஸிலை நிஜப் பலகையில அடுக்கிப் போடச் சொல்லுங்க. அடுக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் போகும், ஆனா அடுக்கும்போதே காய் எங்கெங்க இருக்குன்னு தலையில ஏறிடும். கூடவே கறுப்புப் பக்கத்துலருந்தும் பாதிப் பஸிலைப் போடணும், நிறைய பேருக்கு வெள்ளையில பாக்கறது கறுப்புல தெரியறதில்ல.

#16 கரிசல்குதிரை

கடைசியாக ஒன்று. போட்டிக்கு முந்தைய வாரம் என்ன செய்வது?

#17 நிதானபிஷப்

கடினமான பஸிலை நான்கு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். ஐந்தில் மூன்று தவறிப் போனால் தன்னம்பிக்கையோடு மண்டபத்துக்குள் போக முடியாது. நோட்டில் உள்ள பழைய தவறுகளில் 30, 40 எடுத்து ஒருமுறை ஓட்டுங்கள், அதோடு காலை எளிய பஸில் மட்டும். போட்டி நாள் காலையில் 10 பஸில், 5 நிமிடம், எல்லாம் இரண்டு நகர்வுக்குள் முடிபவை. அதில் ஒன்று தவறினாலும் காரணம் தேடி உட்காராதீர்கள்; எண்ணைக் குறித்து வைத்துவிட்டு, சாப்பிட்டுக் கிளம்புங்கள். சுற்றுகளுக்கு நடுவே போனில் பஸில் வேண்டாம். அந்த நேரத்தில் கண்ணுக்கும் தலைக்கும் ஓய்வு வேண்டும். தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்.